முப்பது முட்டை இன்குபேட்டர்: பாகம் 2,890, செலவு 3,770, கேட்கத் தோன்றிய விலை 8,000

நான்காவது அடையில் கரு கூடிய 26 முட்டைக்கு 19 குஞ்சு வந்த பிறகுதான் நாங்கள் கட்டிய இந்த முட்டை பொரிக்கும் பெட்டி வேலை செய்கிறது என்று எழுத மனம் வந்தது. இரண்டாவது அடையில் அதே 26-க்கு 21 வந்திருந்தது. அதைவிடக் குறைவாக வந்ததை வெற்றி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டாவது அடையைப் பார்த்துக்கொண்டது பெட்டியைச் செய்த நாங்கள். நான்காவதைப் பார்த்துக்கொண்டவர் பெட்டியைச் செய்யாதவர், எங்களிடமிருந்து வாங்கி வைத்தவர்.

பாலக்கோடு, காரிமங்கலம், போச்சம்பள்ளி பக்கம் சிறுவிடை நாட்டுக்கோழி வளர்ப்பவர்களில் தெர்மாக்கோல் பெட்டியில் இன்குபேட்டர் கட்டிப் பார்த்தவர்கள் நிறைய. விற்கலாம் என்று பேச்சு வந்தால் கடையில் கிடைப்பதைவிடக் கூடுதலாகத்தான் விலை சொல்கிறார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, மனதார அவ்வளவு பெறும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை எந்த இடத்தில் பிழைபடுகிறது என்பதை வேலை நடந்த வரிசையிலேயே சொல்கிறோம்.

பெட்டி 60 × 45 × 40 செ.மீ., சுவர் 30 மி.மீ. கனம். முதல் பெட்டி உருகிப்போனது. 40 வாட் குண்டு பல்பு இரண்டை மூடியிலிருந்து 4 செ.மீ. கீழே தொங்கவிட்டோம். மூன்று மணி நேரத்தில் பல்புக்கு மேலே கையளவு குழி. தெர்மாக்கோலுக்கும் பல்புக்கும் நடுவே குறைந்தது 10 செ.மீ. வேண்டும், இடையில் ஒரு தகரத் தடுப்பும் வேண்டும். தகரத்தை நேரே ஒட்டாமல் 1 செ.மீ. இடைவெளி விட்டு ஆணியில் நிறுத்தினால் பின்பக்கம் சூடு ஏறாது. இரண்டு பல்பையும் இணையாகக் கொடுக்க வேண்டும். ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது காப்பாற்றும். அதனால்தான் ஒரே 100 வாட் பல்பு போடவில்லை.

வெப்பத்தைக் கட்டுப்படுத்த W1209 போர்டு. அதன் அமைப்புகளில் P0-வை H-இல் (சூடேற்றும் முறை) வைத்து, P1-ஐ 2-லிருந்து 0.3-க்குக் குறைக்க வேண்டும். P1-ஐ மாற்றாமல் விட்டால் பல்பு அணைந்தபின் 2 டிகிரி இறங்கும் வரை மறுபடி எரியாது. 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், 80 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன், 230 வோல்ட் பக்கம் 1 ஆம்பியர் ஃபியூஸ். போர்டின் அடிப்பக்கத்தில் 230 வோல்ட் திறந்தே இருக்கும், ஆகையால் அதை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் திருகி வைக்காமல் பிளக்கைச் செருகக் கூடாது.

அந்த போர்டில் பல்பை எரித்து அணைக்கும் ரிலே ஒட்டிக்கொண்டால் பல்பு அணையவே அணையாது, ஓர் இரவில் எல்லா முட்டையும் போய்விடும். அதற்குக் காவலாக 40 டிகிரியில் துண்டிக்கும் KSD301 என்ற வெப்பச் சுவிட்ச் போட்டோம். அதன் துல்லியமே 5 டிகிரி முன்பின். வாங்கிய இரண்டில் ஒன்று 37-இலேயே துண்டித்தது. இரண்டையும் எடுத்துவிட்டு, இன்னொரு W1209-ஐ 38.8-இல் வைத்துத் தொடரில் சேர்த்தோம். கூடுதல் செலவு 140 ரூபாய்.

முதல் அடை: 30 முட்டை. ஏழாம் நாள் டார்ச்சில் பார்த்ததில் 5 கூமுட்டை, 25-இல் கரு. பொரித்தது 9, அதுவும் 22, 23-ஆம் நாட்களில். பொரிக்காததை உடைத்துப் பார்த்தபோது காற்றறை சிறிதாக இருந்தது, உள்ளே ஈரம் மிகுதி, மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதாகப் போகவில்லை. தாமதம் என்றால் வெப்பம் குறைவு, ஈரம் என்றால் காற்றின் ஈரப்பதம் அதிகம். ஆனால் டிஸ்பிளே கடைசிவரை 37.6 டிகிரி, 55 சதவீதம் என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது.

எனவே அளக்கும் கருவிகளையே அளந்தோம். ஒரு சொம்பில் கைச்சூட்டு வெந்நீர், அதில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும் W1209 சென்சாரும் ஒரே ஆழத்தில். தெர்மாமீட்டர் 37.9, போர்டு 38.7. காய்ச்சல் தெர்மாமீட்டர் இந்த வெப்ப எல்லைக்கென்றே செய்யப்பட்டது, அதைத்தான் நம்ப வேண்டும். போர்டின் அளவைத் திருத்தும் P4-இல் மைனஸ் 0.8 கொடுத்தோம். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டருக்கு உப்புச் சோதனை. ஒரு மூடியில் கல்லுப்பைச் சேறு போலக் குழைத்து, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் 12 மணி நேரம் வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். எங்கள் மீட்டர் 62 காட்டியது. அப்படியானால் முதல் அடையில் 55 என்று நம்பியது 68-க்குப் பக்கம். 250 ரூபாய் மீட்டரைச் சோதிக்க ஆன செலவு ஒரு பிடி உப்பு. இதை முதலில் செய்திருந்தால் பொரிக்காமல் போனதில் பல முட்டை தப்பியிருக்கும்.

சென்சார் சரியானபின் ஐந்து இடத்தில் வெப்பம் பார்த்தோம். நடுவில் 38.1, ஒரு மூலையில் 36.4. ஃபேன் முட்டையை நோக்கி ஊதிக்கொண்டிருந்ததே காரணம். அதைத் திருப்பி, பல்பின் சூட்டை எதிர்ச்சுவர் வழியாகச் சுற்றி வரச் செய்ததும் ஐந்து இடமும் 0.4 டிகிரிக்குள் வந்தன. சென்சார் முட்டையின் மட்டத்தில், தட்டின் நடுவில்.

இரண்டாவது அடையில் 30 முட்டை, 26 கரு, 21 குஞ்சு. 37.6 டிகிரி. 18-ஆம் நாள் வரை உண்மையான ஈரப்பதம் 50 முதல் 55, கடைசி மூன்று நாள் 65 முதல் 70. நாளுக்கு ஐந்து முறை புரட்டினோம். புரட்டும் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரட்டைப்படை என்றால் நீண்ட இரவுப் பொழுதில் தினமும் ஒரே பக்கம் மேலே நிற்கும், கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். 18-ஆம் நாளோடு புரட்டுவதை நிறுத்தினோம்.

எடை பார்ப்பது பலர் விட்டுவிடும் வேலை. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு கைவசம் இருந்தால் ஈரப்பதத்துக்கு அதுவே நல்ல சாட்சி. 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 14 சதவீதம் இழக்க வேண்டும். 41 கிராம் சிறுவிடை முட்டை 36 கிராமுக்குப் பக்கம் வந்திருந்தால் சரி. முதல் அடையில் மாதிரிக்கு நிறுத்தவை 7 சதவீதம்தான் இறங்கியிருந்தன. இரண்டாவதில் 12.

பெட்டியின் மீது ஆசை ஏறியது இங்கேதான். முதல் அடை முடிந்தபோது அது மூலையில் கிடந்த தெர்மாக்கோல். 21 குஞ்சு வந்த பிறகு அதற்கு விலை 8,000 வரை பேச்சு போனது. இரண்டு அடைக்கும் நடுவில் பெட்டிக்குள் போன புதுப் பொருள் ஒன்றுமில்லை. ஃபேன் திரும்பியது, P4-இல் ஓர் எண் மாறியது, அவ்வளவே. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் அரியலி மூவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் இதே கணக்கு இருக்கிறது. காகிதத்தில் கொக்கும் தவளையும் மடித்தவர்கள் தாங்கள் மடித்ததற்குச் சராசரியாக 23 சென்ட் தர முன்வந்தார்கள். அதே காகிதத்துக்கு வெளியாட்கள் தர முன்வந்தது 5 சென்ட். கை தேர்ந்தவர்கள் மடித்ததற்கு வெளியாட்கள் 27 சென்ட் கொடுத்தார்கள். ஆக, பழகாத கையின் கொக்கு, மடித்தவர் கண்ணுக்குத் தேர்ந்த கையின் கொக்குக்குச் சமமாகத் தெரிந்திருக்கிறது. வேலை முடியாமல் பாதியில் நின்றாலோ, செய்ததைக் கலைத்துவிட்டாலோ இந்தக் கூடுதல் மதிப்பு வருவதில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. 9 குஞ்சுக்கும் 21 குஞ்சுக்கும் நடுவில் எங்கள் பெட்டியில் நடந்தது அதுதான்.

8,000 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். பெட்டி 420, W1209 இரண்டு 280, அடாப்டர் 220, ஃபேன் 150, ஹோல்டரும் பல்பும் 120, தகரம் 60, கண்ணாடி 50, ஹைக்ரோமீட்டர் 250, தெர்மாமீட்டர் 150, புரட்டும் மோட்டார் 380, தட்டும் ஆங்கிளும் 310, டைமர் 260, ஒயர், சுவிட்ச், ஃபியூஸ் வகையில் 240. கூட்டினால் 2,890. (மோட்டாரும் டைமரும் பின்னால் சேர்ந்தவை, ஒரே இடத்தில் எழுதிவிட்டோம்.) வீணானவை: உருகிய பெட்டி 420, KSD301 இரண்டு 80, வேகம் தவறிய மோட்டார் 380. மொத்தம் 880. வேலை நேரம் 52 மணி. நாளுக்கு எட்டு மணி, 600 ரூபாய் கூலி என்று வைத்தால் 3,900. எல்லாம் சேர்த்து 7,670, முழுமையாக்கினால் 8,000.

உருகிய பெட்டிக்கு வாங்குகிறவர் ஏன் 420 தர வேண்டும்? அவருக்கு அந்தப் பெட்டி போகவே இல்லை. 52 மணி நேரத்தில் 30 மணிக்கு மேல் நாங்கள் கற்றுக்கொண்ட நேரம். அந்தக் கல்வி எங்களிடமே தங்கிவிட்டது, பெட்டியோடு போகவில்லை. அடுத்த பெட்டியை 14 மணி நேரத்தில் கட்டிவிடலாம். தவறுக்குக் கொடுத்த விலையையும் பொருளின் விலையில் ஏற்றுவதுதான் கணக்கின் முதல் ஓட்டை. 40 முட்டை பிடிக்கும், தானே புரட்டும், ஓராண்டு உத்தரவாதம் உள்ள தயார் இன்குபேட்டர் நாங்கள் விசாரித்தபோது 5,200.

இரண்டாவது ஓட்டை பெரிது. பெட்டியை வேறொருவரிடம் கொடுத்த பிறகே அது தெரிந்தது.

மூன்றாவது அடைக்குப் பெட்டி பென்னாகரம் பக்கம் கோழி வளர்க்கும் ஒரு அக்கா வீட்டுக்குப் போனது. ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தோம், 21 நாள் நாங்கள் தொடுவதில்லை என்பது பேச்சு. 30 முட்டை, 27 கரு, 12 குஞ்சு. பொரிக்காத 15-ஐ உடைத்துப் பார்த்தோம். எட்டு முட்டையில் கரு 9-இலிருந்து 11 நாள் வளர்ச்சியோடு நின்றிருந்தது. ஐந்தில் முழுக் குஞ்சு, ஓட்டைக் கொத்தவே இல்லை. இரண்டு கொத்திவிட்டு, உள்தோல் காய்ந்து ஒட்டி, வெளியே வர முடியாமல் செத்திருந்தன.

ஒன்பதாம் நாள் கரண்ட் போய் வந்திருக்கிறது. பல்பு எரிந்தது, டிஸ்பிளே 37.6 காட்டியது, ஃபேன் மட்டும் ஓடவில்லை. அந்த ஃபேன் கரண்ட் வந்ததும் சில சமயம் தானாகத் தொடங்காது. எங்களிடம் இருந்தபோது மூடியைத் தூக்கி விரலால் ஒரு தட்டுத் தட்டுவோம், ஓடும். அது ஒரு குறை என்றே தோன்றியதில்லை, அதனால் குறிப்பிலும் எழுதவில்லை. அக்கா கேட்டது ஒரே கேள்வி: “ஏன் தம்பி, ஃபேன் ஓடலன்னா வெளியே இருந்து எனக்கு எப்படித் தெரியும்?”

அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டாவது அடையின் நோட்டைத் திரும்ப எடுத்து, புரட்டுவது, தண்ணீர் ஊற்றுவது தவிர எத்தனை முறை பெட்டியில் கை வைத்திருக்கிறோம் என்று எண்ணினோம். 21 நாளில் 61 முறை. மதியம் அறை சூடேறினால் மூடியின் கீழ் ஒரு பென்சிலைச் செருகுவது, கரண்ட் போனால் சாக்கு போர்த்துவது, ஃபேனைத் தட்டுவது, ஓரத்து முட்டையை நடுவுக்கு மாற்றுவது, கண்ணாடியில் வியர்வை கண்டால் துவாரத்தைத் திறப்பது. 26-க்கு 21 என்பது பெட்டியும் நாங்களும் சேர்ந்து பொரித்த கணக்கு. விற்றால் பெட்டி மட்டும் போகும், அந்த 61 கை வேலை போகாது. தானே செய்த பொருளுக்கு விலை சொல்கிறவர் இதைத்தான் தவற விடுகிறார். குறைகளுக்கெல்லாம் தன் கையே மருந்தாகிவிடுவதால், பொருளில் குறையே இல்லை என்று தோன்றுகிறது. ரேடியோ கட்டுகிறவர், மரவேலை செய்கிறவர் யாருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறோம். இழுத்துத் திறக்க ஒரு பக்கம் சற்றே தூக்க வேண்டிய மேசை டிராயர், செய்தவர் கைக்கு வழுக்கிக்கொண்டு வரும்.

அதன்பின் வேலை தெளிவாகிவிட்டது. 61 கை வேலையில் எத்தனையைப் பெட்டிக்குள் வைக்க முடியும்?

ஃபேன் தொடங்காததற்குக் காரணம் ஒயர். ஒன்றரை மீட்டர் மெல்லிய ஒயரில் ஃபேனுக்குப் போய்ச் சேர்ந்தது 10.4 வோல்ட்தான். இணைப்பும் ஓரிடத்தில் வெறுமனே முறுக்கி விட்டது. தடித்த ஒயர் போட்டு, பற்றவைத்து, நீளத்தை 40 செ.மீ. ஆக்கியதும் 11.9 வந்தது, இருபது முறை பிளக்கை எடுத்துச் செருகியும் தவறாமல் ஓடியது. அக்காவின் கேள்விக்குப் பதில் ஒரு சிவப்பு ரிப்பன், 8 செ.மீ. நீளம், ஃபேனுக்கு எதிரே, கண்ணாடி வழியாகத் தெரியும் இடத்தில். ரிப்பன் ஆடினால் ஃபேன் ஓடுகிறது. செலவு 2 ரூபாய். இந்தப் பெட்டியில் இதைவிட உருப்படியான பாகம் இல்லை.

புரட்டுவதற்கு 60KTYZ மோட்டார். முதலில் வாங்கியது நிமிடத்துக்கு 30 சுற்று. தட்டு ஒரு நொடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. முட்டை அதிர்ந்தால் காற்றறை கழன்றுவிடும். மாற்றிப் போட்டது 5 சுற்று. அரைச் சுற்றுக்கு 6 நொடி, தட்டு இரு பக்கமும் 45 டிகிரி சாயும். டைமரில் 2 மணி நேரம் நிறுத்தம், 6 நொடி ஓட்டம். முட்டையின் கூர்முனை கீழே.

தண்ணீர் ஊற்ற மூடியைத் திறக்க வேண்டாம் என்பதற்காக மெடிக்கலில் கிடைக்கும் சலைன் குழாயைச் சுவர் வழியாகத் தட்டுக்கு இறக்கினோம். ஈரப்பதத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் பரப்புதான், ஆழம் அல்ல. அதனால் இரண்டு தட்டு: 18 நாள் வரை சின்னது மட்டும், கடைசி மூன்று நாள் இரண்டும். சாக்கு போர்த்துவதை முழுதாக ஒழிக்க முடியவில்லை. அடியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு வைத்தோம். வெளியே 26 டிகிரி உள்ள இரவில், கரண்ட் போனால் 20 நிமிடத்தில் 35-க்கு இறங்கிய பெட்டி, பாட்டிலும் சாக்கும் சேர்ந்தால் 55 நிமிடம் தாங்குகிறது.

பென்சில் செருகும் வேலைக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. இந்தப் பெட்டியால் சூடேற்ற முடியும், குளிர்விக்க முடியாது. ஏப்ரல், மே மதியத்தில் நம் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை 38-ஐத் தொடும்போது பல்பு அணைந்தே இருந்தாலும் உள்ளே அதற்கு மேல்தான் இருக்கும். அந்த இரண்டு மாதம் ஓட்டு வீட்டின் உள்ளறையில் வைப்பதானால் வைக்கலாம், இல்லையென்றால் அடையே வேண்டாம். வெயில் காலத்தில் முட்டை சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். 21 டிகிரிக்கு மேல் போனால் கரு மெல்ல வளரத் தொடங்கி, பாதியில் நின்று செத்துவிடும். ஈர மணலில் புதைத்த மண்சட்டிக்குள் வைத்து, ஏழு நாளுக்குள் அடைக்கு ஏற்றிவிட வேண்டும். முட்டையைக் கழுவக் கூடாது.

நான்காவது அடையும் அதே அக்கா வீட்டில்தான். 30 முட்டை, 26 கரு, 19 குஞ்சு. இந்த முறை அவர் கை வைத்தது 9 தடவை. கரண்ட் செலவு நாளுக்கு ஒரு யூனிட் அளவில், மொத்தம் 21.

அதே நாட்களில் அவர் வீட்டுச் சிறுவிடைப் பெட்டை ஒன்று 12 முட்டையில் அடை உட்கார்ந்தது. 11-இல் கரு, 10 குஞ்சு. எங்கள் பெட்டி எந்த அடையிலும் அதைத் தொடவில்லை. பெட்டியால் ஆகும் நன்மை வேறு: பெட்டை அடைக்கு உட்காராமல் சீக்கிரம் மறுபடி முட்டையிட வரும், ஒரே நாளில் முப்பது முட்டையை ஏற்றலாம். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் குஞ்சு வாங்குகிறவர் அது எதில் பொரித்தது என்று கேட்பதில்லை. காலை நேராக வைத்து நிற்கிறதா, தொப்புள் மூடியிருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து எடுக்கிறார்.

விலைக்கு இப்போது நாங்கள் பார்ப்பது இவைதான்: இதே வேலைக்குக் கடையில் என்ன கொடுக்க வேண்டும், எங்கள் கை இல்லாமல் எத்தனை பொரித்தது, யார் செய்தது என்று சொல்லாமல் காட்டினால் என்ன விலைக்குக் கேட்கிறார்கள். கடைசிக் கேள்விக்காக, தெரிந்தவர் ஒருவர் மூலம் பெட்டியைக் கோழி வளர்க்கும் மூன்று பேரிடம் காட்டச் சொன்னோம். 2,500, 3,000, 3,500 என்று வந்தது. நான்காவது அடைக்குப் பிறகு 3,200-க்கு அக்காவிடமே கொடுத்துவிட்டோம். மூடியில் ஒட்டிய தாளில் பெட்டியின் குறைகள் எழுதியிருக்கின்றன: ஏப்ரல், மே வேண்டாம், கரண்ட் போனால் சாக்கு, ரிப்பன் ஆடவில்லை என்றால் உடனே மூடியைத் திறக்கவும், டைமர் தினமும் சற்றே தள்ளிப்போகும், வாரம் ஒரு முறை தட்டின் சாய்வைப் பார்க்கவும்.

அந்த டைமர் தள்ளல் அடுத்த பெட்டியில் இருக்காது. 6 நொடியை நம்பாமல் மோட்டார் தண்டில் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்தால் அரைச் சுற்றில் தானே நிற்கும், விலை 25 ரூபாய். தெர்மாக்கோலும் வேண்டாம். குஞ்சு பொரித்த ஈரமும் சவ்வும் அதன் துளைகளில் ஊறிவிடுகிறது, நான்கு அடைக்குப் பிறகு எவ்வளவு துடைத்தாலும் வாடை போகவில்லை. 12 மி.மீ. பிளைவுட், வெளியே தெர்மாக்கோல், உள்ளே கழுவும்படி ஃபார்மைக்கா. எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யும் கன்ட்ரோலர் 1,200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு W1209 இருந்தால் ஒன்று போனாலும் மற்றது தடுக்கும், பாலக்கோட்டிலேயே மாற்றிவிடலாம்.

ஐந்தாவது அடை நேற்று ஏறியிருக்கிறது. 28 முட்டை, சராசரி 41.3 கிராம், ஹைக்ரோமீட்டரின் 13 சதவீதத் தவறு தாளில் சிவப்பு மையில். ரிப்பன் ஆடுகிறது என்று அக்கா காலையில் சொன்னார்.